இடது காலுக்கும் ஒரு நாள்

ஆகஸ்ட் 9, 2024 – வெள்ளி

காலை ஐந்தே முக்காலுக்கே மைதானத்துக்குப் போய்விட்டேன். வடக்குப் பக்க கோல் போஸ்டுக்கு முன்னால் குட்டை இன்னும் வற்றவில்லை. போன மாதம் 25-ம் தேதி கொட்டிய மழையில் இங்கே புனேயில் சிங்கட் சாலைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நாங்கள் இருக்கும் கேம்ப் பகுதி அந்த அளவுக்குப் போகாமல் தப்பித்தது. எங்கள் பங்குக்குச் சேறு.

பையில் இருந்த ஒன்பது பந்துகளுக்கும் காற்றடித்தேன். பக்கத்தில் நின்ற ஆறாம் வகுப்புப் பையன் ஊசியை அப்படியே செருகப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். "நனைச்சுட்டுச் செருகுப்பா. காய்ஞ்ச ஊசி உள்ளே இருக்கற ரப்பரைக் கிழிச்சிடும்." நாக்கில் தொட்டு நனைத்துச் செருகினான். பந்து மெல்லப் புடைத்து வந்ததைப் பார்த்து அவன் முகமும் மலர்ந்தது. 1993-ல் இந்தப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு வருஷமும் யாருக்காவது இதைச் சொல்லித் தந்துகொண்டிருக்கிறேன். வரும் மார்ச்சில் ஓய்வு.

பதினோரு மணிக்கு ஆபீசில் கூப்பிட்டார்கள். பள்ளி ஆண்டு மலரில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். "நீங்க வாங்கிக் கொடுத்த கோப்பைகளோட லிஸ்ட் கொடுங்க சார், வருஷ வாரியா." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதும் கை நின்றுவிட்டது. கோப்பை ஜெயித்த வருஷங்கள் நினைவில் இருக்கின்றன. ஆனால் அந்த வருஷங்களின் பையன்களை நினைத்தால் கோப்பை மறந்துபோகிறது. இந்தப் பட்டியலில் எங்கேயோ கணக்குத் தவறுகிறது.

ஆகஸ்ட் 10 – சனி

நேற்று ராத்திரி கண் விழித்து பாரிஸ் ஒலிம்பிக் கால்பந்து இறுதி ஆட்டம் பார்த்தேன். கூடுதல் நேரத்தில் ஸ்பெயின் 5–3 என்று பிரான்ஸை வென்றது. நாம் கடைசியாக ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியது 1960-ல், ரோமில். அப்போது இதே பிரான்ஸோடு 1–1 என்று சமன் செய்தோம். இன்று காலை பையன்களிடம் சொன்னபோது ஒருவனும் நம்பவில்லை. 1956 மெல்போர்னில் நாலாவது இடம் வந்தோம், ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு நாம்தான் என்றேன். ஒருவன் கேட்டான்: "கோச் யார் சார்?"

நல்ல கேள்வி. அப்பா இருந்திருந்தால் இந்த இடத்தில் பம்பாய் கூப்பரேஜ் மைதானத்துக் கதையை ஆரம்பித்திருப்பார். 1953-ல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில் பம்பாய்க்கு ரயில் ஏறி ரோவர்ஸ் கோப்பை பார்க்கப் போனவர் அவர். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் அந்தக் கோப்பையை ஹைதராபாத் சிட்டி போலீஸ் வேறு யாருக்கும் விடவில்லை. "பந்து யார் கால்லயும் தங்கலடா. வந்துச்சு, போச்சு. வந்துச்சு, போச்சு." வயதான காலத்திலும் உள்ளங்கையால் மேஜையைத் தட்டித் தட்டி அந்தத் தாளத்தைக் காட்டுவார்.

அந்த அணியின் பின்னால் இருந்தவர் சையது அப்துல் ரஹீம். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956-ல் மெல்போர்ன், 1962-ல் ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். எல்லாம் அவர் காலம். ஏப்ரலில் வந்த 'மைதான்' படத்தால் இப்போது பேர் தெரிகிறது. ஆனால் அவர் தொழில் என்ன என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியார். ஹைதராபாத்தில் காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம், சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று வகுப்பெடுத்தவர். பிறகு உடற்பயிற்சியில் டிப்ளமா வாங்கி பள்ளி விளையாட்டுப் பொறுப்பை ஏற்றவர். சாக்பீஸ் பிடித்த கைதான் தேசிய அணிக்கு வியூகம் வரைந்தது.

ஆகஸ்ட் 12 – திங்கள்

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பத்து நாளாகக் காலைப் பயிற்சிக்கு வரவில்லை. பந்தை வாங்குவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிற பிள்ளை. அந்தப் பழக்கத்தை யாரும் சொல்லித் தர முடியாது. வகுப்புக்கு ஒழுங்காக வருகிறான். மைதானத்துக்கு மட்டும் வருவதில்லை. கேட்டால் தரையைப் பார்க்கிறான்.

சாயங்காலம் போப்ளா சவுக் பக்கம் அவன் வீட்டைத் தேடிப் போனேன். நம்ம தமிழ் ஆட்கள்தான். தாத்தா காலத்தில் பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட குடும்பம், எங்கள் வீட்டைப் போலவே. வாசலில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தம்மா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க சார், உக்காருங்க. அவன் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டானா?" இல்லம்மா என்று சொல்லி விஷயத்தைக் கேட்டேன். வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். காலை ஆறிலிருந்து ஏழரை வரை இட்லி பார்சல்களை வீடு வீடாகப் பையன்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறான். "அவன் கிரவுண்டுக்குப் போனா அடுப்பு அணைஞ்சிடும் சார்." புகாராகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

வரும் வழியெல்லாம் துளசிதாஸ் பலராம்தான் மனசில். செகந்தராபாத் பக்கத்தில் அம்முகுடாவில் 1936-ல் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அதுவும் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய ஊர்தான், நம்ம கேம்ப் மாதிரி. பழைய போலீஸ் பூட்ஸிலிருந்து செருப்புத் தைப்பவரிடம் இரண்டு ரூபாய்க்குத் தைத்து வாங்கியதுதான் அவருடைய முதல் ஆட்டக் காலணி. உள்ளூர் ஆட்டம் ஒன்றில் ரஹீம் பார்த்தார், தேர்வுக்கு வரச் சொன்னார். அவ்வளவு தூரம் வந்துபோகக் கையில் காசில்லை என்று பையன் தயங்கினான். சைக்கிள் வாடகைக்கு ரஹீம் காசு கொடுத்தார். அந்த வாடகை சைக்கிளில் வந்த பையன்தான் இருபது வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக் போனான், ரோமில் ஹங்கேரிக்கு எதிராக கோல் போட்டான், ஜகார்த்தா தங்கத்திலும் பங்கு பெற்றான்.

திறமையைக் கண்டுபிடித்தார் என்று ரஹீமைப் புகழ்கிறோம். திறமையைப் பார்க்கக் கண் இருந்தால் போதும். அந்தத் திறமை ஏன் நாளைக்கு வராது என்று விசாரிக்க, வாத்தியார் மனசு வேண்டும்.

ஆகஸ்ட் 13 – செவ்வாய்

பதினாலு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இனி சாயங்காலம் நாலரைக்குப் பயிற்சி என்று மாற்றிவிட்டேன். டியூஷன் இருக்கிறது என்று மூன்று பெற்றோர் வந்து சண்டை போட்டார்கள். அந்த மூன்று பிள்ளைகள் மட்டும் பழையபடி காலையில் வரட்டும், இரண்டு வேளையும் நான் இருப்பேன் என்றேன். வீட்டில் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஃபிளாஸ்க்கில் கூடுதலாக ஒரு டம்ளர் டீ ஊற்றி வைத்தாள்.

இட்லி வீட்டுப் பையன் நாலு இருபதுக்கே வந்து நின்றான்.

ஆகஸ்ட் 14 – புதன்

பயிற்சியில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. ஐஸ் வைத்து, துணி சுற்றி, உட்கார வைத்தேன். "ஆடறேன் சார், ஒண்ணுமில்ல சார்" என்று அழுதான். போன வாரம் நான் சொன்ன ஜர்னைல் சிங் கதையை எனக்கே திருப்பிச் சொன்னான்.

1962 ஜகார்த்தா. தென்கொரியாவிடம் முதல் ஆட்டத்திலேயே 2–0 என்று தோற்றோம். அடுத்து தாய்லாந்தோடு ஆடியபோது, தடுப்பாட்டத் தூண் ஜர்னைலின் மண்டை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. பின்னால் நிற்க முடியாத அவரை ரஹீம் முன்னால் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம். அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். எதிரே மறுபடியும் அதே தென்கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2–1. தங்கம். அப்போது ரஹீமின் உடம்பைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. அடுத்த வருஷம் ஜூன் 11-ம் தேதி போய்விட்டார்.

கேட்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், நான் விட்டுவிட்டேன். ஜர்னைல் வளர்ந்த மனிதர். தன் தலையைப் பற்றித் தானே முடிவெடுத்தார். பதின்மூன்று வயதுப் பையன் அப்படி இல்லை. அவன் 'ஆடறேன் சார்' என்று சொல்வது நம் முகத்தைப் பார்த்துத்தான்.

வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருஷம், அரையிறுதி ஒன்றில், முழங்கால் வீங்கிய பையனை இரண்டாம் பாதியில் இறக்கினேன். ஜெயித்தோம். அந்தக் கோப்பை இப்போதும் ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அந்தப் பையன் அதற்குப் பிறகு பழையபடி ஓடவே இல்லை. இருபத்தாறு வருஷமாகிறது, அந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் தலை குனிந்துதான் போகிறேன். ஆண்டு மலர்ப் பட்டியலில் அந்தக் கோப்பையை எழுத மாட்டேன்.

இன்றைய பையனை அணைத்துப் பிடித்து கேட் வரை நடத்திக் கூட்டிப்போய் அவன் அப்பாவிடம் ஒப்படைத்தேன்.

ஆகஸ்ட் 15 – வியாழன்

கொடியேற்றம். பார்சிகளுக்கு இன்று புத்தாண்டும் சேர்ந்து வந்தது. மாடி வீட்டு பார்சி அம்மா கிண்ணத்தில் ரவோ கொடுத்தனுப்பினார். ரவையும் பாலும் ஏலக்காயும் மணக்க, மேலே வறுத்த முந்திரி. கேம்ப்பில் வளர்ந்தவனுக்கு நாலு மதத்துப் பண்டிகைப் பலகாரமும் நாக்குக்குத் தெரியும்.

விழா முடிந்ததும் பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேர் மைதானத்துக்கு வந்தார்கள். ஒருவன் மீட்டர் ஆட்டோ ஓட்டுகிறான், ஒருவன் வங்கியில், ஒருவன் பட்டாளத்தில், ஒருவன் ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருக்கிறான். ஒருவன்கூட எந்தக் கோப்பையைப் பற்றியும் பேசவில்லை. "லேஸ் முடிச்சு மேல வந்தா ஷாட் கோணும்னு சொல்வீங்களே சார், பையனுக்கு இப்ப நான் கட்டி விடறேன்" என்றான் ஆட்டோக்காரன்.

அவர்களிடம்தான் முதலில் சொன்னேன். நாளைக்கு நாளைக்கு என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்ட ஒன்றை இந்தச் சனிக்கிழமை செய்யப்போகிறேன். ஆகஸ்ட் 17 ரஹீம் பிறந்த நாள், 1909. அன்றைக்கு இடக்கால் போட்டி.

இது என் யோசனை இல்லை, அவருடையது. ஹைதராபாத்தில் அவர் விதவிதமாகப் போட்டிகள் வைத்தார். பலமில்லாத காலால் மட்டும் ஆடும் போட்டி. டிரிப்ளிங்கே கூடாது, பந்து வந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்கிற போட்டி. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இடமில்லை என்கிற போட்டி. கூப்பரேஜில் அப்பா மேஜையைத் தட்டிக் காட்டிய அந்தத் தாளம் அங்கே பிறந்ததுதான்.

ஆகஸ்ட் 16 – வெள்ளி

சாயங்காலம் சுண்ணாம்புக் கோடு போட்டோம். அடியில் ஆணியால் துளை போட்ட பெயிண்ட் டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, கயிற்றை ஒட்டி ஆட்டிக்கொண்டே நடக்க வேண்டும். வேகமாக நடந்தால் கோடு விட்டுவிடும், மெதுவாக நடந்தால் தூள் தீர்ந்துவிடும். இட்லி வீட்டுப் பையன் டப்பாவை வாங்கி ஒரே சீராக நடந்தான். சாம்பார் தளும்பாமல் பாத்திரம் தூக்கிப் பழகிய கை.

விதிகளைச் சொன்னேன். அணிக்கு ஐந்து பேர், ஆறு அணிகள். பலமான காலில் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டும். ரிப்பன் கால் ஓடலாம், நிற்கலாம். பந்தைத் தொட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். இடது காலால் ஆடிப் பழகிய இருவருக்கு இடது காலிலேயே ரிப்பன்.

கொஞ்சம் பருமனான பையன் ஒருவன் ஓரமாக நின்றான். "நான் எப்பவும் எக்ஸ்ட்ரா தானே சார்." அவனைக் கூப்பிட்டு பீட்டர் தங்கராஜ் கதையைச் சொன்னேன். ஹைதராபாத்தில் பிறந்தவர். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சேரும்போது அவர் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. பிறகுதான் கோலுக்கு வந்தார். அந்த மையம் 1955-லும் 1958-லும் டியூராண்ட் கோப்பையை வென்றது. ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று தங்கராஜுக்குப் பேர் வந்தது. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் நம் கோலைக் காத்தவர் அவரே. "உன் இடம் எதுன்னு இன்னும் நமக்குத் தெரியல, அவ்வளவுதான். நாளைக்கு கோல்ல நில்லு" என்றேன். கையுறையை வாங்கிக்கொண்டு போனான்.

ஆகஸ்ட் 17 – சனி

காலையில் தூறல். ஏழு மணிக்கு விட்டது. பழைய மாணவர்கள் இரண்டு பேர் விசில் ஊதினார்கள். நான் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

முதல் ஐந்து நிமிஷம் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. எங்கள் நட்சத்திரம், போன வருஷம் ஜில்லா அணி வரை போன பத்தாம் வகுப்புப் பையன், கோலுக்கு எதிரே இடது காலை வீசினான். பந்து பக்கவாட்டில் உருண்டது. அவன் சேற்றில் உட்கார்ந்தான். கோபத்தில் அடுத்த முறை வலது காலால் அடித்தான். விசில். மறுபடி விசில். கையை இடுப்பில் வைத்து என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தாவது நிமிஷத்துக்கு மேல் ஆட்டம் மாறியது. இதை எழுதத்தான் இந்த நாட்குறிப்பே. தன் காலை நம்ப முடியாதவன் தலையைத் தூக்குகிறான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடுகிறான். தூரமாக அடிக்க முடியாது என்பதால் நண்பன் கிட்டே வர வேண்டியிருக்கிறது, வருகிறான். மூன்று பேரை வெட்டி ஓடலாம் என்ற ஆசை யாருக்கும் எழுவதில்லை, எழுந்தாலும் கால் ஒத்துழைப்பதில்லை. "பாஸ் தே, பாஸ் தே" என்ற கத்தல் குறைந்தது; கேட்காமலேயே பந்து வந்தது. குட்டிப் பையன்களும் பெரியவர்களும் ஒரே அளவாகிவிட்டார்கள். வந்தது, போனது. வந்தது, போனது. அப்பாவின் உள்ளங்கைச் சத்தம் எனக்குக் கேட்டது.

இட்லி வீட்டுப் பையன் கோல் எதுவும் போடவில்லை. ஆனால் பந்து அவனிடம் வருவதற்கு முன்பே அடுத்தது எங்கே போக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நட்சத்திரப் பையன் கடைசி ஆட்டத்தில் கோலுக்கு எதிரே நின்று அடிக்கவில்லை. இடது காலின் உட்பக்கத்தால் மெல்லத் தள்ளிவிட்டான். ஏழாம் வகுப்புப் பையன் ஓடி வந்து கோலாக்கினான். இத்தனை வருஷத்தில் அந்த நட்சத்திரம் இன்னொருவனுக்குக் கோல் கொடுத்து நான் பார்த்தது இதுதான் முதல் முறை. கோலில் நின்ற பருமனான பையன் ஐந்து பந்துகளைப் பிடித்தான். முட்டி இரண்டும் சிராய்த்திருந்தது. துடைத்து மருந்து போட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தான்.

கோப்பை கிடையாது. எல்லோருக்கும் வடாபாவும் டீயும்.

ஆகஸ்ட் 18 – ஞாயிறு

ஆண்டு மலருக்கான பக்கத்தை எழுதி முடித்தேன். கோப்பைப் பட்டியல் இல்லை. நேற்றைய போட்டியின் விதிகளை, யார் வேண்டுமானாலும் நடத்தும்படி, வரிசையாக எழுதினேன். அதற்கு மேலே ரஹீமைப் பற்றி ஐந்து வரி. ஆபீசில் ஒத்துக்கொள்வார்களா என்று திங்கட்கிழமை தெரியும்.

ரஹீம் சம்பாதித்த கோப்பைகளும் தங்கங்களும் பெரியவை, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் போய் 61 வருஷமாகிறது. 1962-க்குப் பிறகு ஆசியத் தங்கம் நமக்கு மறுபடி வரவில்லை. ஜெயித்த அணியைக் கொண்டாடினோம். அதை உருவாக்கிய பள்ளிக்கூட மைதானத்தை, வாத்தியாரின் பொறுமையை, பலமில்லாத காலுக்கும் போட்டி வைத்த அந்த மனசை மறந்துவிட்டோம். பலராம் 2023 பிப்ரவரியில் போனார். அந்தத் தலைமுறை அநேகமாக முடிந்துவிட்டது. இனி இது நாமே செய்ய வேண்டிய வேலை.

எனக்குப் பிறகு இந்த விசிலை வாங்கப்போகும் தம்பியிடமும், எந்த ஊரிலோ எந்தப் பள்ளியிலோ பி.டி. மாஸ்டராக இருக்கும் எல்லாரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயிற்சிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு தடவை நடந்து போங்கள். வருஷத்தில் ஒரு நாளை இடது காலுக்குக் கொடுங்கள்.

அடுத்த ஆகஸ்ட் 17 ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்கு வேலை இருக்காது. கோடு போட டப்பாவும் சுண்ணாம்பும் நான் கொண்டு வருகிறேன்.